இருபத்தெட்டாம் தேதிக்குள் ஒரு மதர்போர்டு

மார்ச் 4, செவ்வாய்

கருகிய வாடை வந்தது, கணினி செத்துவிட்டது. என் கணவர் செங்-யுவான் அப்போது அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். "யா-லிங், ஜன்னலை" என்பதோடு குரல் நின்றது. திறக்கவா, மூடவா? திறந்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சாத்தினேன்.

அவருடைய கையும் நாக்கும் ஓய்ந்து இரண்டு வருடம். கண் போகும் இடத்தைப் பார்த்துப் பேசும் நிரலை, விரல் அசைந்த காலத்தில் அவரே எழுதினார். அது லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடும். அதுவும் அவர் வைத்திருக்கும் பழைய பதிப்பில் மட்டும்.

மார்ச் 6

மூச்சு தேய்கிறது என்றார் மருத்துவர். தொண்டையில் குழாய் வைத்தால் பல வருடம் இருக்கலாம், இல்லாவிட்டால் கோடை வரைதான். 28ஆம் தேதி மருத்துவமனையில் நடக்கும் கூட்டத்தில் அவர் தானே முடிவைச் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பலகையில் சொல்வாரே என்றேன். மாமியார் விடவில்லை. "பலகையைப் பிடிக்கிறதும் நீ, அவன் எந்த எழுத்தைப் பாத்தான்னு சொல்றதும் நீ. அது அவன் பேச்சா, உன் பேச்சா?"

வீட்டுக்கு வந்து கேட்டேன்: குழாய் வேணுமா, வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டார். என்னிடமும் சொல்ல மாட்டாராம்.

மார்ச் 9, ஞாயிறு

பா-தே சாலை, கணினிக் கடைத் தெரு. கடைக்காரர் லுவோ சிரித்தார். "லினக்ஸா? எதுல வேணா ஓடும் அக்கா. இது போன மாசம் வந்தது, இதை மிஞ்சி ஒண்ணும் கிடையாது." மதர்போர்டு, பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாமே புத்தம் புதியவை. அவருக்கு நல்லதாகவே வாங்கினேன். பூட்டப்போவது நான்தான்.

மார்ச் 10

கறுப்புத் திரை.

மார்ச் 11

கறுப்புத் திரை. ரேமைக் கழற்றி மாட்டினேன், கை கிழிந்தது. கடைசியில் எழுத்துப் பலகையை எடுத்தேன். ஒரே ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம்: "புதுசு வேண்டாம். மூணு வருஷப் பழசு வாங்கு."

அவருடைய லினக்ஸுக்குப் போன மாதம் பிறந்த சிப்பை அடையாளமே தெரியாதாம். இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா நான்? நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சீட்டைப் படிக்காமல் மாத்திரை கொடுப்பேனா? அவருக்கு எது நல்லதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். மாமியாரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

மார்ச் 15

பெட்டி திறந்தாயிற்று, திரும்ப எடுக்க முடியாது என்றார் லுவோ. கடையிலேயே அழுதேன். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க, நான் அடிச்ச மாதிரி இருக்கு" என்று பதறி, மாற்றித்தர ஒப்புக்கொண்டார். ஆனால் செங்-யுவான் சொன்ன போர்டு அவரிடம் இல்லை. தைபே முழுக்க இல்லை.

மார்ச் 19

இல்லை.

மார்ச் 21

லுவோவே தேடிப் பிடித்துவிட்டார், யாரோ கழற்றி விற்றது. கூடவே பச்சை உறைச் சோளப்பொரி ஒன்று. "பெட்டி மேல வைங்க. பச்சை இருந்தா மெஷின் சொன்னபடி கேக்கும், இந்த ஊர்ல எல்லாரும் வைக்கிறதுதான். மஞ்சள் உறையை வெச்சுடாதீங்க, மெஷின் படுத்துக்கும்." வைத்தேன். காலாவதித் தேதியையும் பார்த்துத்தான் வைத்தேன். இந்த நிலைமையில் எதைத்தான் நம்பமாட்டேன்?

மார்ச் 22

ஓடுகிறது! அவர் பேசிய முதல் வார்த்தைகள்: "இடது காது அரிக்குது. பதினெட்டு நாளா."

மார்ச் 28

கணினியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் அவர் பக்கத்தில் நிற்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

"குழாய் வேண்டாம். ரொம்ப நாள் யோசிச்சாச்சு. அம்மா, இது நானே சொல்றது."

வேண்டும் என்பார் என்றுதான் இவ்வளவு அலைந்தேன். ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: பலகையில் சொல்லியிருந்தால் நான் பொய்யாகப் படித்திருப்பேன். சத்தியமாகப் படித்திருப்பேன்.

மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெகுநேரம்.

ஏப்ரல் 2

காலை முழுக்க அவரைத் திட்டினேன். எப்படி மனசு வந்தது உங்களுக்கு? நான் என்ன மரமா? கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சாப்பிட்டுட்டு வா. மிச்சத்தை அப்புறம் திட்டு."

ஏப்ரல் 19

மூன்று நாளாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கடிதம் என்று நினைத்து எட்டிப்பார்க்காமல் இருந்தேன். இன்று காட்டினார். இதே நோயில் கிடப்பவர்களுக்காக லினக்ஸ்காரர்களின் மன்றத்தில் போட ஒரு குறிப்பு: எந்த போர்டு ஓடும், எந்த கார்டை வாங்கக் கூடாது, எந்தத் திருகை முதலில் முடுக்க வேண்டும். கீழே இரண்டு வரி.

"பூட்டியவர்: யா-லிங், என் மனைவி. என்னிடமிருந்து பதில் வராவிட்டால் அவளைக் கேளுங்கள்."

அனுப்பட்டுமா என்றார். அனுப்புங்கள் என்றேன்.