மாடி ஏறிய முழங்கால்கள்

அக்கா,

இன்று திண்டிவனம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடமிருந்து தைல வாசனை வந்தது. உடனே உன் நினைப்புதான். உப்பளத்துக்கு நாம் சேர்ந்து வேலைக்குப் போன நாட்களில், உனக்கு முன்னால் உன் தைலம் வந்து சேரும்.

அப்போது எனக்கு ஒரு முழங்காலில் வலி, உனக்கு இரண்டிலும். உன் மகள் புதுச்சேரியில் இரண்டாவது மாடிக்குக் குடிபோனதிலிருந்து நீ அவள் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லாமல் இருந்தாய். பேத்தியைக் கீழே தூக்கிவந்து காட்டிவிட்டுப் போவாள்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண், "மூட்டுத் தேய்மானம். தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து உப்பு வார்றோம், தூக்குறோம். இதுக்கு மேல என்னம்மா எக்சர்சைஸ்?"

அவள் சிரிக்கவில்லை. "அந்த வேலைல மூட்டுக்கு பாரம்தாங்க. நான் சொல்றது, மூட்டைத் தாங்குற சதைக்கு பலம் குடுக்க."

அந்தப் பதில் உனக்குப் பிடித்துப்போனது. மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடித்தாய். நானும் பிடித்தேன். "ரெண்டு பேரும் போலீஸ் வேலைக்குப் போறாங்கடி" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். முதலில் வலி கூடத்தான் செய்தது. விட்டுவிடலாம் என்றேன்.

"கொஞ்சம் வலிச்சா பரவால்லன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல? கம்மியா தூக்கு. ஆனா தூக்கு."

வெயில் காலம் முடிவதற்குள் நாம் புதுச்சேரிக்குப் போனோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாய். மகள் இறங்கி வரப் பார்த்தாள். "நீ அங்கயே நில்லு" என்றாய். உள்ளே போனதும் நீ உட்காரவில்லை. சமையலறை, பால்கனி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாய். "பரவால்ல, நல்லாத்தான் வெச்சிருக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாய். அதற்குப் பிறகுதான் பேத்தியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாய். அப்புறம் மாதம் தவறாமல் அந்த மாடி ஏறினாய்.

அடுத்த ஆண்டு மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

என் வலி முழுதாகப் போய்விடவில்லை, அக்கா. ஆனால் நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அன்று கேலி பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு கால் நீட்டுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி, "எத்தினி நாளைக்குக்கா இதைச் செய்யணும்?" என்று அலுத்துக்கொண்டாள்.

"நீ எத்தினி நாளைக்குச் சோறு துன்னப்போற?" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்தத் துடுக்கு முன்னெல்லாம் எனக்குக் கிடையாது.