மணவாளன் பெயரில், 2 மணி 20 நிமிடம்

6 ஆகஸ்ட் 2025, புதன்

சிதம்பரத்திலிருந்து இன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். செம்மங்குப்பத்தில் இறங்கும்போதே பாதி உயிர் போய்விட்டது. ஆபீஸில் உட்கார்ந்தால் நாற்பத்தொரு எச்சரிக்கை.

ஏழு மாதமாக எங்கள் ரசாயன ஆலையில் ஒரு ஏஐ ஓடுகிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்பு என் பொறுப்பு; நான்தான் அதற்குக் 'காவல்' என்று பெயர் வைத்தேன். யார் எப்போது கம்ப்யூட்டருக்குள் நுழைகிறார்கள், எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள், எப்படி டைப் அடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரின் பழக்கத்தையும் படித்து வைத்திருக்கிறது. பழக்கம் மாறினால் சொல்லும். சொல்ல மட்டும்தான். தடுக்கிற அதிகாரத்தை உற்பத்தி மேலாளர் தில்லைநாதன் சார் தரவில்லை. "தடுத்துச்சுன்னா ப்ளான்ட்டு நின்னுடும்மா."

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில். இங்கே யாரும் திரையை மூடிவிட்டுப் போவதில்லை. எழுந்து போகிறவர் அப்படியே விட்டுப் போவார், வருகிறவர் அதே பெயரில் உட்காருவார். மூடினால், "இன்னா, எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இன்று மணவாளன் அண்ணனைப் பிடித்துச் சண்டை போட்டேன். பத்தொன்பது வருட சர்வீஸ்காரர். சிரிக்கிறார். "வர்றவன் வந்ததும் வராததுமா பாஸ்வேர்டு தேடிக்கினு நிக்கணுமா? பாவம் இல்லியா சுந்தரி?"

பாவமாம்.

7 ஆகஸ்ட், வியாழன்

மத்தியானம் மூன்றரைக்கு இரண்டாம் ரியாக்டரில் சூடு ஏறி புகை வந்துவிட்டது. அலாரம் அடிக்கவில்லை. இரண்டு மணி ஷிஃப்டில் இருந்த கதிரவன் மூச்சுத் திணறி விழுந்தான். கடலூரில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

ஏன் அடிக்கவில்லை என்று பார்த்தேன். எண்பது டிகிரியில் அடிக்க வேண்டியதை யாரோ தொண்ணூற்றைந்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். நேரம் 2.20. பெயர் மணவாளன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

மணவாளன் அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இரண்டு மணிக்கே எழுந்து குளிக்கப் போய்விட்டதாகச் சொல்கிறார். கேட் பதிவில் வெளியே போனது 2.40. "ஐடி அவரோடது, பொறுப்பும் அவரோடது" என்றார் தில்லைநாதன் சார்.

கேட்டருகே என்னைப் பார்த்து, "குளிச்சதுக்கு நான் யாரைம்மா சாட்சிக்குக் கூட்டியாருவேன்?" என்றார்.

9 ஆகஸ்ட், சனி

காவலின் பதிவுகளைக் காலையிலிருந்து தோண்டினேன். மணவாளன் அண்ணன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பவர். 2.20க்கு அடித்தது இரண்டு கையும் ஓடுகிற ஆள். அலாரம் அளவை மாற்றுகிற பக்கத்தை இவர் ஏழு மாதத்தில் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. இது அவர் இல்லை என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு என்று போட்டிருக்கிறது. யார் என்று அதற்குத் தெரியவில்லை.

சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. ஆபரேட்டர் ஐடியில் அலாரம் அளவை மாற்றவே முடியாதே? அந்த அனுமதியை யார் கொடுத்தது?

நான்.

பிப்ரவரியில் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியபோது, இரண்டு நாளைக்கு என்று எல்லா ஆபரேட்டருக்கும் கொடுத்தேன். திருப்பி எடுக்கவில்லை. "யாரும் பயன்படுத்தாத அனுமதி, நீக்கவும்" என்று காவல் பதினோரு முறை சொல்லியிருக்கிறது. பதினோரு முறையும் 'பிறகு' என்று தட்டிவிட்டிருக்கிறேன். அடிப்பாவி! ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் புத்தி சொன்னியேடி, உன் வேலையப் பாத்தியா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

மணவாளன் அண்ணனைப் பார்க்கக் கீரப்பாளையம் போகலாம் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த மூஞ்சியோடு போவது?

11 ஆகஸ்ட், திங்கள்

காவலின் அறிக்கையை விசாரணையில் வைக்கப்போகிறேன் என்று தில்லைநாதன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். காவல் சொன்னது, நான் 'பிறகு' தட்டியது எல்லாம் வாரா வாரம் பட்டியலாக அவருக்கும் போகிறது.

"அதைத் தொறந்தா மொதல்ல உன் பேருதாம்மா வரும். பதினோரு வாட்டி. மணவாளனோட முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

யாருக்கு நல்லது? கதிரவனுக்கா? நாலு நாளா மூக்குல குழாயோட கிடக்கறானே, அவனுக்கா? பயமில்ல எனக்கு, ஆத்திரம். வேலை போனா போவட்டும். எழுதத்தான் போறேன்.

13 ஆகஸ்ட், புதன்

அறிக்கை எழுதி முடித்தேன், நான்கு பக்கம். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "மொத பக்கத்துலயே உன் தப்பா?" என்றார்.

"கடைசியில வெச்சா ஒளிச்ச மாதிரி இருக்கும் மாமா."

அவரே எழுந்து போய் பிரின்ட் எடுத்து வந்தார்.

14 ஆகஸ்ட், வியாழன்

விசாரணை. சென்னையிலிருந்து டைரக்டர் வந்திருந்தார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "மெஷின் சொல்றதெல்லாம் சாட்சியா?"

"சாட்சி இல்ல சார். யாரைக் கேக்கணும்னு காட்டுது. உக்காந்திருந்தது மணவாளன் இல்லன்னா, யாருன்னு பக்கத்துல இருந்தவனுக்குத் தெரியும். ரெண்டு மணி ஷிஃப்ட்டு கதிரவனுது."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். கதிரவன் இழுத்து இழுத்துப் பேசினான். "தில்லைநாதன் சார் வந்தாரு. நான் எழுந்து நின்னுட்டேன். அலாரம் சும்மா சும்மா அடிக்குதுன்னு அவரே உக்காந்து ஏதோ மாத்துனாரு. மணவாளன் அண்ணன் தொறந்து வெச்சிட்டுப் போன ஸ்க்ரீனு சார் அது."

"ஏன் இவ்ளோ நாள் சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

தில்லைநாதன் சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

25 ஆகஸ்ட், திங்கள்

மணவாளன் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். கதிரவன் வீடு திரும்பிவிட்டான். தில்லைநாதன் சார் சஸ்பென்ஷனில். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. சரியான தண்டனைதான். ஆனாலும் பாத்ரூமில் போய் அழுதேன்.

இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். ஒன்று, இனிமேல் காவல் தடுக்கும். இரண்டு, நான் யாருக்கு எந்த அனுமதி தந்தாலும், எனக்கே தந்துகொண்டாலும், ஷிஃப்டிலிருந்து ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். யார் என்றார்கள். மணவாளன் என்றேன்.

இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். திரையை மூடிவிட்டு எழுந்தார். அடுத்து உட்கார வந்தவன் முகம் சுருங்கியது. "கோச்சிக்காதடா, உனக்கும் சேத்துதான் மூடறேன்" என்றார்.

22 செப்டம்பர், திங்கள்

இன்று எனக்கு லீவு. காலையில் ஆலையில் ஒரு பம்ப்பை இயக்குகிற லாகின் பூட்டிக்கொண்டது. பத்து நிமிட வேலை. வீட்டுக்காரரின் லேப்டாப்பில் உள்ளே போகப் பார்த்தேன். புது மெஷின், புது இடம் என்று காவல் தடுத்துவிட்டது. ஒப்புதல் கேட்டு அது மணவாளன் அண்ணனுக்குப் போயிருக்கிறது; அவரிடமிருந்து போன்.

"சுந்தரி, நீதானா கேக்கறது?"

"நான்தாண்ணா. ஓகே தட்டுங்க."

"குரல் உன்னுதுதான். ஆனா குடுக்க மாட்டேன். நேர்ல வா."

சுருக்கென்று கோபம் வந்தது. இவருக்காக நான் எவ்வளவு… "பத்து நிமிஷ வேலைண்ணா!"

"தில்லைநாதன் சாரும் பத்து நிமிஷ வேலைன்னுதாம்மா உக்காந்திருப்பாரு."

லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் ஏறினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் பாஸ்வேர்டை அடித்தார். நான் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன்.