ராணி எழுந்திருக்கவில்லை

முசரவாக்கம்,
9.2.2003

அன்பு மகன் சத்யாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், புனேவில் நீ சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். சளி விட்டதா? நீ போன் செய்து பத்து நாளாகிறது, என் கோபம் அடங்கட்டும் என்று எழுதாமல் இருந்தேன், அடங்கவில்லை.

எதுக்கும்மா வம்பு, மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடேன் என்றாய். நடந்ததை முழுசாகக் கேள். சபா போட்ட பல்லவ நாடகத்தில் தேசிகன் சார் ராஜா, நான் ராணி. பேங்க் கேஷியர், ஒத்திகையில் வரிக்கு வரி மறந்தவர், அன்றைக்குப் போரில் தோற்றுத் திரும்பும் காட்சியில் வாளை என் காலடியில் வைத்துவிட்டு ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார் பார், தோள் மட்டும்தான் குலுங்கியது, மண்டபமே அடங்கிவிட்டது. நானும் விடவில்லை. செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் மன்னா என்று நான் கேட்டபோது முன்வரிசையில் பட்டுக்கடை காமாட்சியம்மாள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த சபாவில் ஒரு வழக்கம், நாடகம் முடிந்ததும் சிம்மாசனத்தில் இருக்கும்போதே ராஜா தலையில் பரிவட்டம் கட்டி, ராணிக்கு மாலை போட்டுத்தான் இறக்குவார்கள். செயலாளர் கோதண்டபாணி தேசிகன் சாருக்குக் கட்டினார். என் மாலையை ஸ்டூல் மேல் வைத்து, எடுத்துக்கோம்மா என்று நகர்ந்துவிட்டார். போன வருஷத்து ராணிக்கு அவர் மனைவியே மேடையேறிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். நான் காலனிக்காரி என்பது வசனம் பேசும்போது தெரியவில்லை, மாலை போடும்போது தெரிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பாதி எழுந்த தேசிகன் சார், தான் மறந்துபோன காட்சி இன்னும் ஏதோ பாக்கி என்று பயந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார், சிரிக்காதே. ராஜாவே உட்கார்ந்ததும், கிளம்பிய ஜனமும் உட்கார்ந்தது. கடைசியில் காமாட்சியம்மாள், இன்னாய்யா, ராணியம்மாவ எவ்ளோ நேரம் காக்க வெச்சுக்கினு இருப்பீங்க என்று மேடையேறி வந்து அந்த மாலையை எனக்குப் போட்டார்.

நான் எழுந்திருக்காததற்குத்தான் சபாக்காரர்கள் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், கொடுத்தால்தான் வரும் ஞாயிறு கூரத்தில் மறுபடி போடும் நாடகத்தில் நான் ராணி. அப்பா, ஊரோட ஒத்துப் போ எஸ்தரு என்கிறார். பயம் எனக்கு மட்டும் இல்லையா? ஸ்கூல் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று நினைக்காத நாள் இல்லை. ஆனாலும் எழுதித் தரவில்லை. தேசிகன் சாரும், எஸ்தர் டீச்சர் எதிர்ல இல்லேன்னா எனக்கு வாயே தொறக்காதுபா, வேற ராஜாவப் பாருங்க என்றுவிட்டார். நேற்று சபாவிலிருந்து ஆள் வந்தது. மன்னிப்பு வேண்டாமாம், நான் நடிக்கலாமாம், ஆனால் இனி யாருக்குமே பரிவட்டமும் இல்லை, மாலையும் இல்லையாம். எனக்கு ஒருத்திக்குப் போடுவதைவிட எல்லோருக்கும் நிறுத்துவது சுலபமாயிருக்கிறது அவர்களுக்கு.

வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். கூடவே ஒன்று, இந்த வருஷத்திலிருந்து ஏன் மாலை கிடையாது என்பதை மைக்கில் சொல்லிவிட்டு நாடகத்தை ஆரம்பியுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் கிரீடத்தோடு வந்து நானே சொல்லுவேன் என்று. அதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

வெளியே போகும்போது ஸ்வெட்டர் போடு, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஞாயிறு ஆறு மணிக்கு எனக்காக ஜெபம் பண்ணு, நான் பணிந்துபோக வேண்டும் என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
எஸ்தர்