மூடினாலும் தூங்கக் கூடாது

மார்கழி, செவ்வாய் இரவு

என் நாய் வெள்ளையனைக் கொன்றது மாப்பிள்ளைதான். குடலைக் கிழித்தது காட்டுப்பன்றி. அதை உள்ளே விட்டது அவர்.

தேவதானம் சோளக்காட்டுக் கொட்டகையில் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். கேமராவில் அசைவு தெரிந்தால் அது சைரனை அலறவிடும். மூடியைச் சாத்தினாலும் தூங்கக் கூடாதென்று நானே படித்து அதன் லினக்ஸ் செட்டிங்கில் எழுதிவைத்திருந்தேன். நேற்று மகளோடு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை காட்டைப் பார்க்கப் போனவர், பேட்டரி வீணாகிறதென்று, மூடினால் தூங்கிவிடும்படி அதை சஸ்பெண்டுக்கு மாற்றி மூடிவிட்டு வந்திருக்கிறார். சைரன் ஊதவே இல்லை. காலையில் நான் போனபோது நாய் வரப்பில் கிடந்தது. என் கையை நக்கிவிட்டுத்தான் செத்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சிரித்தார். "மூடுனா தூங்கத்தான் செய்யும் மாமா. ஒரு நாய்க்கா இம்புட்டுச் சத்தம்?"

ரத்தம் காயாத கையால் மண்வெட்டிக் காம்பை எடுத்தேன். முதல் அடியிலேயே அவர் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த அடிக்கு ஓங்கியபோது மகள் குறுக்கே விழுந்தாள்.

"நீங்கள்லாம் மனுசனாப்பா? இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

அவரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இருவரும் தங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டார்கள்.

நாளை சஸ்பெண்டை அடியோடு முடக்க வேண்டும், பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். இரண்டும் என் வேலை. மகளைப் போய்ச் சமாதானம் செய்து இருவரையும் கூட்டிவர வேண்டும். அது அவள் அம்மா வேலை. நான் போக மாட்டேன். சாக்குப் போட்டு மூடியிருக்கும் வெள்ளையனுக்குக் குழி வெட்ட வேண்டும். அது மாப்பிள்ளை வேலை. இன்னொரு கை நன்றாகத்தானே இருக்கிறது.