செல்லியம்மாளின் வட்டம்

இரும்புலியூர்
12.9.1994

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை பேபியும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. அந்தக் குளிரில் நீ தலைக்குக் குளித்து ஈரத்தோடு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உன் போன கடிதத்தை நாலு தடவை படித்தேன். கண்ணுக்கு வேண்டிய ஜீனைத் தனியே வெட்டி எடுத்து ஒரு கிருமிக்குள் வைத்தால், கிருமி பெருகப் பெருக ஜீனும் பெருகும் என்று எழுதியிருந்தாய். ஒரு கரண்டி மோரில் பானைப் பால் உறைகிற மாதிரியா? தன் வயிற்றில் மனுஷ சமாச்சாரம் இருப்பது அந்தக் கிருமிக்குத் தெரியாதா? அதற்குத்தான் கண்ணே கிடையாதே, கண் ஜீனை வைத்துக்கொண்டு அது என்ன பண்ணும்? சத்துணவுக் கூடத்தில் இதையே யோசித்துக்கொண்டு நின்று போன வாரம் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எல்லாம் உன்னால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதே. பேபிக்கும் உன் மாமா மகன் ஜெயவேலுவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று எழுதியதும், நீ பதறிப்போய் ஒரு படிவம் அனுப்பினாயே, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குடும்பத்தில் மாலைக்கண் உள்ளவர்களுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும் என்று. நான் ஒருவருக்கும் கறுப்பு அடிக்காமல் பளிச்சென்று நிரப்பி அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை கண்ணு. குடும்பத்தைப் பற்றி யார் கேட்டாலும், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற மாதிரியேதான் எனக்கு வாயும் வருகிறது கையும் வருகிறது. பேபி அதன் நகலைப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, அக்காவையே சம்பந்தி வூட்டு ஆளா ஆக்கிட்டியா என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, சாயங்காலமானா மாமா செவுத்தைத் தடவிக்கினு நடக்கறாரே, அதை ஏன் எழுதல என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அந்த நகலை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூருக்கு என் அண்ணனைப் பார்க்கப் போனேன். இருட்டுவதற்கு முன்னால் இரும்புக்கடையை மூடிவிட்டு, வியாபாரம் டல் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன் ஆயிற்றே பொன்னுரங்கம் அண்ணன், விஷயத்தைச் சொன்னதும் குதித்தார். எம் புள்ளைக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிட்டுப் போ, கட்டம் வட்டம்னு பேஜார் பண்ணாத என்று கத்தினார். நானும் விடவில்லை. உனக்கு அந்தக் கெட்ட ஜீன் ரெண்டு பங்கு இருக்குது, ஜெயவேலுவுக்கு ஒரு பங்கு நிச்சயம், அதனால அவன் கண்ணுக்குக் கெடுதல் இல்ல, பேபிக்கும் ஒரு பங்கு இருந்தாத்தான் பிறக்கிற பிள்ளைக்கு ஆபத்து, நாலுல ஒண்ணுக்கு வரலாம் என்று நீ பொதுவாக எழுதியதை எங்களுக்குப் பொருத்தி ஒப்பித்தேன். எனக்கா இவ்வளவு புரிந்திருக்கிறது என்று எனக்கே ஆச்சரியம். கண் நன்றாகத் தெரிகிற நானும் அதை ஒரு பங்கு உள்ளே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கலாமாமே, இது என்ன கூத்து ஜெயா!

அண்ணன் நகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு கடைப் பென்சிலை எடுத்துத் தன் கட்டத்தைத் தானே கறுப்பாக்கினார். செல்லியம்மாளுக்கும் அடி என்று பென்சிலை என்னிடம் நீட்டினார். உன் சித்தி செல்லியம்மாள் விஷக் காய்ச்சலில் போனாள் என்றுதானே உங்களுக்குச் சொல்லி வளர்த்தேன். காய்ச்சல் இல்லை. பதினாறு வயசு அவளுக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீருக்குப் போனவள் கிணறு தெரியாமல் விழுந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கண் குறை வெளியே தெரிந்தால் அது நின்றுபோகும் என்று வீட்டில் எல்லாரும் காய்ச்சல் என்றார்கள், நானும் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன், உன் அப்பா சாகும்வரை அவருக்கும் அதைத்தான் சொன்னேன். நேற்று அவள் வட்டத்தை நான்தான் கறுப்பாக்கினேன், அழுகை நிற்கவே இல்லை. சரியான படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்று காலை உன் சிநேகிதி டாக்டர் சாராள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாள். அண்ணனும் வந்து கையை நீட்டினார். சீசாக்களை உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தானே அனுப்பிவிடுவதாகச் சாராள் சொல்லியிருக்கிறாள். பேபிக்கு ஜெயவேலு என்றால் உயிர். உனக்கும் இருக்குதுன்னு வந்தா என்னடி பண்ணுவ என்று கேட்டேன், மொதல்ல தெரியட்டும்மா, அப்புறம் நானும் அவரும் பேசிக்கறோம் என்கிறாள். தைரியசாலி, யாரைக் கொண்டு பிறந்தாளோ, அதற்கும் ஒரு ஜீன் இருந்தால் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. முடிவு தெரிந்ததும் எனக்கு எழுதாதே, வீட்டு விலாசத்துக்கும் எழுதாதே. பேபி பேருக்கு, சாராள் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது. தபால் என் கையில் கிடைத்தால், கல்யாணம் முடியட்டும் என்று நான் அதை ஒளித்துவைத்தாலும் வைத்துவிடுவேன்.

உன் அம்மா
காந்திமதி