பெற்ற உடம்புக்கு

கஜா பேராங்,
மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மறுமாதம்

என்னை விட்டுப் போனவருக்கு,

நீங்கள் கட்டிக்கொண்ட இளையவளுக்கு இந்த மாதம் பிரசவம், பிள்ளை பெற்ற உடம்புக்கு எந்த வைன் நல்லது என்று என்னிடமே கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

என் பிரசவத்துக்கும் ஒரு போத்தல் வாங்கினீர்கள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததும், "பிள்ள இல்லாத ஒடம்புக்கு வைன் என்னாத்துக்கு?" என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

பிறகு துரை வீட்டில் சமைத்த பத்து வருஷத்தில், விருந்தாளிகள் மிச்சம் வைத்த கிளாஸ்களில் என் நாக்கு பழகியது. முதலில் எல்லாமே கசந்தது. போகப் போக, எது நல்ல கசப்பு, எது கெட்டுப்போன கசப்பு என்று தெரிந்துவிட்டது.

துரை கப்பலேறும்போது எனக்கொரு போத்தல் தந்தார். நல்ல வைன். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளை அழுதாலும், அழாவிட்டாலும், அவளுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூத்தவள்