பைன் காட்டில் நின்றது

2006 ஒக்டோபர், ஞாயிறு. மோர்டன்.

பிரான்ஸின் அத்திலாந்திக் கரையில் ஒரு கிழமை இருந்துவிட்டு இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். பிள்ளைகள் இல்லாமல் நானும் இவரும் மட்டும் போன முதல் விடுமுறை. கடல் குளிர்ந்து கிடந்தது. திராட்சைத் தோட்டங்களில் பழம் பிடுங்கி முடிந்து இலைகள் சிவந்திருந்தன. இருவரும் அதிகம் பேசவில்லை.

வியாழக்கிழமை பைன் காட்டுக்குள்ளால் கடற்கரைக்கு நடந்தபோது இவர் வழக்கம்போல முன்னால் போனார். திரும்பிப் பார்ப்பாரா என்று அறிய, நான் வேண்டுமென்றே நின்றுவிட்டேன். பார்க்கவில்லை. வளைவில் மறைந்துபோனார். கனநேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தேன். வளைவு தாண்டியதும் ஒரு மரத்தடியில் சப்பாத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். சேர்ந்து கடற்கரைக்கு நடந்தோம்.

இன்று சாப்பிடும்போது சொன்னேன்: "அண்டைக்குக் காட்டுக்கை நான் வேணுமெண்டுதான் நிண்டனான்."

"தெரியும். நானும் மரத்துக்குப் பின்னாலை நிண்டனான். நீர் கூப்பிடுவீரோ எண்டு பாத்தன்."

"நீங்கள் கூப்பிட்டிருக்கலாம்தானே?"

"நீரும் கூப்பிட்டிருக்கலாம்."

இவர் எழும்பி, என் சாப்பாட்டுக் கோப்பையையும் சேர்த்துக் கழுவினார். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன்.